குதிரைக் கணக்கு

கொலம்பஸ் ஓய்வூதிய அலுவலகத்தில்
உட்கார நாற்காலி கொடுத்தார்கள்.
என் நிறத்துக்கு அது சின்ன விஷயமில்லை.
எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"உங்கள் கணவர் லைசாண்டர் காஸ்கின்
கால்நடை வைத்தியரா, அம்மா?"

தோளில் பட்டையோடு போருக்குப் போனவர்
படைப் பதிவேட்டில் வெறும் மருத்துவமனை ஏவலாள்.
இல்லை, மருத்துவர் என்று காட்டத்தான்
இந்தப் பேரேட்டைக் கொண்டுபோனேன்.
இருபத்தாறு குளிர்காலம்
எண்ணெய்த்துணியில் சுற்றி மாவுப்பெட்டிக்குள் கிடந்தது.
ஓரமெல்லாம் எலி தின்றது போக மிச்சம்.

அவர் வாசிக்கிறார்:
"செம்பழுப்புப் பெண்குதிரை, வயது இருபது.
பின்னங்காலில் இரும்பு உரசிய புண். கட்டணம் இல்லை.
கறுப்புக் குட்டி, வயது நான்கு. காய்ச்சல்.
இரவு தங்கியது. வடக்கே போயிற்று."
நிமிர்ந்து சிரிக்கிறார்:
"குதிரைகள்மேல் அத்தனை பிரியமா அவருக்கு?"

ஐயா,
மஸ்கிங்கம் ஆற்றங்கரையில் எங்கள் வீடு.
பின்கதவை யாராவது நகத்தால் சுரண்டினால்
என் கணவர் விளக்கை அணைத்துவிடுவார்.
அடுப்புத் தணல்தான் வெளிச்சம்.
இடதுகைக்காரர். தையலெல்லாம்
காற்றில் சாய்ந்த மழைபோல் விழும்.

ஊர் வைத்தியர் சங்கத்தார்
அவர் பெயர்ப்பலகையை இருமுறை பிடுங்கி ஆற்றில் எறிந்தார்கள்.
மூன்றாம் முறை
கதவிலேயே பெயரைச் செதுக்கினார்:
"முடிந்தால் கதவைத் தூக்கிப் போகட்டும்."

மூத்தவன் ஹோசியாதான் பேரேடு எழுதுவான், பிழை பிழையாக.
தாமாரின் வேலை, விடிந்ததும்
கோழிகளை முற்றத்தில் விரட்டுவது.
சேற்றில் பதிந்த வெறுங்கால் தடமெல்லாம்
கோழி கிளறிய மண்ணாகிவிடும்.

அதற்காக அவரைப் புனிதர் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.
நான் ஜெருஷாவைப் பெற்ற இரவு
அடுத்த அறையில் யாருக்கோ எலும்பு சேர்த்துக்கொண்டிருந்தார்.
இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை நான்.
பாருங்கள், நவம்பர் ஒன்பது, பக்கத்தின் அடியில்,
எறும்பு எழுத்தில்: "பெண் பிறந்தாள்."
இந்தப் புத்தகம் முழுவதிலும்
பொய் கலக்காத வரி அது ஒன்றுதான்.

பிறகு போர்.
தென் கரோலினாக் கரையில் கூடாரம்.
சேர வந்தவர்களின் முதுகைப் பார்த்துப் பார்த்து
மரப்பட்டை பார்ப்பவன் மாதிரி ஆகிவிட்டேன் என்று எழுதினார்.
ஒருவன் தோளில் பழைய வெட்டு,
சாய்ந்த தையல்.
"யார் தைத்தது?"
"ஒஹாயோவில் ஓர் இருட்டு தைத்தது, ஐயா.
முகம் பார்க்கவில்லை."
தன் கை என்று அவனிடம் சொன்னாரா, தெரியாது.
கடிதம் அதற்குமேல் காலுறை கேட்கிறது.

அடுத்த கடிதத்தில் ஹோசியா.
குண்டு இல்லை, வயிற்றுப்போக்கு.
"என் கையால் முடிந்ததெல்லாம்"
என்று தொடங்கி
முடியாமல் நின்றுபோன ஒரு வரி.
திரும்பி வந்தவர் பேரேட்டைத் தொடவில்லை.
மகன் கையெழுத்து அதில் இருந்தது.

"சாட்சி வேண்டும், அம்மா" என்கிறார் எழுத்தர்.
"குதிரைகள் சாட்சி சொல்லாதே."

முதல் பக்கத்தைத் திருப்பினேன்.
செம்பழுப்புப் பெண்குதிரை. அவள் பெயர் லெட்டிஸ்.
அவளுக்கு ஆப்பிள் பிடிக்காது.
கறுப்புக் குட்டி, அவள் மகன் பிரைமஸ்.
இன்று டொலீடோவில் முடிதிருத்தும் கடை, இரண்டு நாற்காலி.
அடுத்த வரி, "நொண்டிக் கிழட்டுக்குதிரை":
ஏசாயா வின்ஃபீல்ட். போகும்போது
என் கணவரின் ஒரே நல்ல தொப்பியோடு போனவர்.

எழுத்தரின் பேனா மை தொடாமல் நிற்கிறது.
"நான்கு மணிக்கு மூடிவிடுவோம்" என்றார்,
முன்பைவிடத் தாழ்ந்த குரலில்.

நூற்றுப்பதினேழு பேர் இருக்கிறார்கள் என்றேன்.
நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே
இழுத்துப் போட்டுக்கொண்டேன்.